பரிசு அனுப்பியவருக்கு ஆட்டம் தெரிய வேண்டாமா?

2023 செப்டம்பர் 20, புதன்கிழமை. சீனாவின் ஹாங்ஜோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. தொடக்க விழாவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆடவர் கைப்பந்து அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அன்று இந்தியாவுக்கு எதிரே தென்கொரியா.

பெரம்பலூரில் என் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு எதிரே ஒரு முக்காலி போட்டிருந்தேன். அதன்மேல் நான்கைந்து பழைய டைரிகள். டைரிகள் மேல், தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்திய என் கைபேசி. அதன் கேமரா தொலைக்காட்சித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீடியோ அழைப்பின் மறுமுனையில் சிங்கப்பூரின் துவாஸ் பகுதித் தொழிலாளர் விடுதி. கட்டட வேலை முடிந்து லாரியில் திரும்பிய என் பழைய மாணவன், இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் உட்கார்ந்திருந்தான். மடியில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம். அவனைச் சுற்றி ஐந்தாறு முகங்கள். எல்லாரும் செந்துறை, ஆண்டிமடம், குன்னம் பக்கத்துப் பையன்கள்.

அவர்களுக்கு அங்கே கிடைத்த சேனலில் வேறு ஆட்டம் ஓடியது. இங்கே நான் பார்த்த செயலியை அங்கே திறந்தால், ‘உங்கள் நாட்டில் இந்த நிகழ்ச்சி இல்லை’ என்று வந்தது. ஆகவே இந்த ஏற்பாடு. திரைக்குள் திரையாக, பந்து பாதி நேரம் கண்ணுக்குத் தெரியாமல், இரண்டரை மணி நேரம் பார்த்தார்கள். “சார், பிளாக்கில் பட்டுதா, படலையா?” என்று கேட்பார்கள், நான் சொல்வேன். முதல் செட் 25-27 எனக் கைவிட்டுப் போனது. அடுத்தது 29-27, அதற்கடுத்தது 25-22 என நமக்கு வந்தன. நான்காவது 20-25. ஐந்தாவது செட்டை 17-15 என்று இந்தியா எடுத்தபோது, துவாஸில் எழுந்த சத்தத்தில் என் கைபேசி ஒலிபெருக்கி கரகரத்தது. மூன்று முறை ஆசியத் தங்கம் வென்ற, 2018-ல் வெள்ளி வாங்கிய கொரியாவை நம் பையன்கள் வீழ்த்தியிருந்தார்கள். அந்த அணியில் உக்கிரபாண்டியன் மோகன், முத்துசாமி அப்பாவு ஆகிய தமிழ்நாட்டு செட்டர்கள், அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்கள், இருந்தார்கள்.

அன்று இரவு எனக்கு மகிழ்ச்சியோடு வருத்தமும் இருந்தது. தன் நாட்டு அணி ஆடுவதைப் பார்க்க ஒரு தொழிலாளி தன் பழைய ஆசிரியர் வீட்டுச் சொம்பை நம்பி இருக்க வேண்டுமா? அந்த வருத்தத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பிறந்து நம் ஊருக்கு வந்தது

கைப்பந்து நம் மண்ணில் பிறந்த ஆட்டம் அல்ல. 1895-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹோலியோக் என்னும் ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்வி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் இதை உருவாக்கினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கொண்டுவந்திருந்தார். ஓட்டமும் மோதலும் மிகுந்த அந்த ஆட்டம் நடுவயதுக்காரர்களுக்குக் கடினமாக இருந்ததால், நடுவே வலை கட்டி, உடல் உரசாமல் ஆடும்படி இதை மார்கன் வகுத்தார். முதலில் ‘மின்டோனெட்’ என்று பெயர். அடுத்த ஆண்டே ‘வாலிபால்’ ஆனது.

ஒய்.எம்.சி.ஏ. போன இடமெல்லாம் பந்தும் போனது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்துவிட்டு ஊர்ஊராகப் பள்ளிக்கூட வேலைக்குப் போன உடற்கல்வி ஆசிரியர்கள் கையோடு ஒரு வலையும் ஒரு பந்தும் எடுத்துப்போனார்கள். நம் சிற்றூர்களில் இது வேர் பிடித்ததற்குக் காரணம் எளிது. 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் உள்ள இடம் போதும். ஒரு பந்துக்குப் பன்னிரண்டு பேர் ஆடலாம். கிரிக்கெட் மட்டை வாங்கும் காசில் பாதி ஊர் விளையாடலாம்.

பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண். வெயிலில் வெடிக்கும், மழையில் காலைக் கவ்வும். அதனால் கிராவல் மண் கொட்டிச் சமப்படுத்தித்தான் தளம் போடுவோம். அரியலூர்ப் பக்கம், செந்துறை ஆண்டிமடம் வட்டாரத்தில், முந்திரித் தோப்பு ஓரத்துச் செம்மண் அப்படியே தளமாகிவிடும். கோடு போடச் சுண்ணாம்புத் தூள். சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன மாவட்டத்தில் அதற்குப் பஞ்சம் கிடையாது. மாலை ஐந்து மணிக்கு மேல் இந்த இரண்டு மாவட்டங்களிலும் பேருந்தில் போனால், ஏதோ ஓர் ஊர் எல்லையில் வலை கட்டியிருப்பதைப் பார்க்கலாம். ‘கைப்பந்து’ என்று பாடப்புத்தகம் சொல்லும். ஊரில் அது வாலிபால்தான்.

உபயம்: வெளிநாடு வாழ் நண்பர்கள்

அந்த வலைக்கு இரண்டு பக்கமும் நின்று ஆடிய பையன்களில் பலர் இன்று ஊரில் இல்லை. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. மற்ற கிராமங்களிலிருந்தும் சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் என்று பிரிந்து கிடக்கிறார்கள். மானாவாரி நிலத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழ முடியாத பகுதியில் இது இயல்பு.

பொங்கலுக்கு ஊரில் நடக்கும் வாலிபால் போட்டியின் பேனரைப் பாருங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, கோப்பை, வலை, பந்து, ஒளிவிளக்கு, சாப்பாடு என ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் உபயதாரர் பெயர் இருக்கும். அதில் பாதிக்கு மேல் ‘வெளிநாடு வாழ் நண்பர்கள்’ என்று போட்டிருக்கும். ஓரத்தில் கண்ணாடி போட்ட படங்கள். கிராமத்து வாலிபாலை இன்று உயிரோடு வைத்திருப்பது பெரும்பாலும் அவர்கள் பணம். நாற்பது ஆண்டுகளாக நடுவராக இந்தப் பகுதிக் களங்களில் நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதல் பரிசுப் பணத்தை அனுப்பியவன் அந்த இறுதி ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. மறுநாள் வாட்ஸ்ஆப்பில் கோப்பையோடு நிற்கும் படம் வரும். யார் எப்படி ஆடினார்கள், எந்தப் புள்ளியில் ஆட்டம் திரும்பியது, அவனுக்குத் தெரியாது. மாநில அணி ஆடினாலும் இதே கதை. இந்திய அணி ஆடினாலும் பெரும்பாலும் இதே கதை.

பூட்டு எங்கே இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒளிபரப்பு உரிமை எப்படி விற்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். போட்டியை நடத்துபவர் உலகத்தை நாடு நாடாகப் பிரித்து விற்கிறார். இந்தியாவுக்கான உரிமையை ஒரு நிறுவனம் வாங்கினால், அது இந்தியாவுக்குள் மட்டும் காட்டலாம். வெளியிலிருந்து செயலியைத் திறப்பவரின் இணைய முகவரியைப் பார்த்துக் கதவை மூடுவது ஒப்பந்தக் கடமை. கிரிக்கெட்டுக்கு இந்த முறை பொருந்தும். ஏனென்றால், எந்த நாட்டிலும் வாங்க ஆள் உண்டு. துபாயில் இருப்பவர் அங்குள்ள சேனலில் பார்த்துக்கொள்வார்.

கைப்பந்துக்கு நிலைமை வேறு. பல நாடுகளில் நம் ஆட்டத்தை வாங்க ஆளே இல்லை. வாங்கினாலும் தங்கள் நாட்டு அணியின் ஆட்டத்தைத்தான் போடுவார்கள். அங்கே யாரும் காட்டவில்லை. இங்கிருந்து காட்டவும் அனுமதி இல்லை. இப்படி ஒருவருக்கும் லாபமில்லாத இடத்திலும் பூட்டு தொங்குகிறது. பூட்டை உடைத்து, ‘விபிஎன்’ மூலம் முகவரியை மாற்றிக்கொண்டு பார்க்கலாமே என்று பையன்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் அதைச் சட்டத்துக்குப் புறம்பான காரியத்துக்குப் பயன்படுத்தினால் குறைந்தபட்ச அபராதமே 5 லட்சம் திர்ஹாம். ஓர் ஆட்டத்துக்காகக் கூலித்தொழிலாளி அந்த ஆபத்தில் கால் வைக்கக் கூடாது.

நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன செய்கிறது? 2007-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாட்டுக்கு முக்கியமானவை என்று அறிவிக்கப்பட்ட போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்பது அதன் சாரம். கேபிளுக்குப் பணம் கட்ட முடியாதவரும் பார்க்க வேண்டும் என்பது நோக்கம், நல்ல நோக்கம். அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் இலவச டிஷ்ஷுக்கும் மட்டுமே என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. எப்படிப் பார்த்தாலும் அந்தச் சட்டத்தின் கை நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கு வெளியே இருக்கும் குடிமகனை எண்ணி ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

இந்த ஆட்டத்தைத் தந்த அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் இருக்கும் தன் படைவீரர்களுக்காக 1942-ல் அது ஒரு வானொலிச் சேவையைத் தொடங்கியது. பின்னர் அதில் தொலைக்காட்சியும் சேர்ந்தது. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உள்ள முகாமில் இருப்பவர், தன் ஊர் பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களை வணிக விளம்பரம் இல்லாமல் பார்க்கிறார். ஊரைவிட்டு அனுப்பப்பட்டவனுக்குக் கடிதமும் சாப்பாடும் போலத் தன் ஊர் ஆட்டமும் தேவை என்று ஓர் அரசு முடிவுசெய்திருக்கிறது. அவர்களுடைய கால்பந்து லீக் 2007 முதல் லண்டனிலேயே முறையான ஆட்டங்களை நடத்துகிறது. அதன் இறுதிப் போட்டி அமெரிக்காவில் ஞாயிறு மாலை தொடங்கும்போது நமக்குத் திங்கள் விடியற்காலை ஐந்து மணி. சென்னையில் வேலைபார்க்கும் அமெரிக்கர் அலாரம் வைத்து எழுந்தால் போதும். ஆட்டம் அவருக்காகக் காத்திருக்கும்.

இலங்கைக்கு 1991 முதல் கைப்பந்துதான் தேசிய விளையாட்டு. யாழ்ப்பாணத்தில் அதைக் கரப்பந்தாட்டம் என்பார்கள். போரில் ஊரைவிட்டுப் போன தமிழர்கள் டொராண்டோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் முதலில் தேடிய இடங்களில் ஒன்று வலை கட்டும் இடம். ‘ஓவர் கேம்’ என்று தங்களுக்கே உரிய ஆட்டமுறையையும் கொண்டுபோனார்கள். ஊரின் பெயரில் கழகம், கழகத்தின் பெயரில் கோப்பை. ஆட்டத்தைக் காட்ட எந்தச் சேனலும் வராது என்று தெரிந்து, தாங்களே படம்பிடித்து இணையத்தில் விடுகிறார்கள்.

பக்கத்து மாநிலத்திலும் ஒரு நினைவு உண்டு. கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ், இந்தியா கண்ட மிகப் பெரிய கைப்பந்து வீரர். 1979 முதல் அபுதாபி ஸ்போர்ட்ஸ் கிளப்புக்காகவும், 1982 முதல் இத்தாலியிலும் ஆடினார். 1986 சியோல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அடுத்த ஆண்டு இத்தாலியில் கார் விபத்தில் இறந்தார், வயது 32. அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் இத்தாலியில் அடித்த ஒரு பந்தைக்கூட ஊர்க்காரர்கள் திரையில் பார்க்கவில்லை. அபுதாபியில் அவரை நேரில் பார்த்த மலையாளிகள் அந்த நினைவை விடவில்லை. கேரள சோஷியல் சென்டர் அவர் பெயரில் அங்கே போட்டியே நடத்துகிறது. பார்த்தவர்கள் மறப்பதில்லை. பார்க்கவிடாமல் செய்தால் ஆட்டமும் நினைவும் சேர்ந்து தேய்ந்துபோகும்.

வழி இல்லாமல் இல்லை. 2022-ல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக் தன் முதல் பருவத்திலேயே தமிழ் வர்ணனையோடு வந்தது. இரண்டாவது பருவத்தில், சர்வதேச வாலிபால் சம்மேளனத்தின் வணிகப் பிரிவான வாலிபால் வேர்ல்டு வெளிநாட்டு இணைய ஒளிபரப்புக்குக் கைகொடுத்தது. ஒரு தனியார் லீக் இதைச் செய்ய முடிந்தால், சங்கங்களும் அரசும் செய்ய முடியாதா?

என்ன செய்யலாம்?

முதலாவது, உரிமை விற்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: எந்த நாட்டில் உரிமையை வாங்க ஆள் இல்லையோ, அங்கே அந்த ஆட்டம் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கும். பணம் கொடுத்து வாங்கியவருக்கு இதில் ஒரு காசு நட்டமில்லை. வாங்கிய நாட்டில் பூட்டு இருக்கட்டும். வாங்காத நாட்டில் எதற்கு? தேசிய விளையாட்டுச் சங்கங்களுக்கு மத்திய அரசு நிதி தருகிறது. அந்த நிதியோடு இந்த நிபந்தனையையும் சேர்த்துத் தரலாம்.

இரண்டாவது, தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள். மாவட்ட அளவில் தொடங்கி மாநில அளவுவரை லட்சக்கணக்கான பிள்ளைகள் ஆடும் போட்டி அது. அதன் உரிமை முழுக்க அரசின் கையில். மாவட்ட இறுதி ஆட்டங்களிலிருந்தே நேரலை செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. அயலகத் தமிழருக்கென்று துறையும் நல வாரியமும் இருக்கின்றன. ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறோம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் அயலகத் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அடுத்த ஆண்டே இது நடக்கும். அரியலூரிலிருந்து புறப்பட்ட கார்த்தி செல்வம் 2022 மே மாதம் ஜகார்த்தாவில், ஆசியக் கோப்பை ஹாக்கியில், தன் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். மறு ஆண்டு சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை வென்ற அணியிலும் இருந்தார். இந்த மாவட்டங்களின் பிள்ளைகள் திரைக்கு வரும் தகுதி உள்ளவர்கள். இந்திய அணிக்குப் போன பிறகுதான் அவர்களை உலகம் பார்க்க வேண்டும் என்பது இல்லை.

மூன்றாவது, படம்பிடிக்கும் முறை. இதில் என் தொழில் அனுபவத்தைச் சொல்கிறேன். கிராமத்துப் போட்டிகளை நேரலை செய்பவர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில், கூட்டத்தின் நடுவே நின்று எடுக்கிறார்கள். அங்கிருந்து பந்து இடமும் வலமுமாகப் பறக்கும். கேமரா துரத்திக்கொண்டே இருக்கும். குறைந்த இணைய வேகத்தில் அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. அப்போது முதலில் காணாமல் போவது வேகமாக நகரும் சிறு பொருள், அதாவது பந்து. கேமராவை ஆட்டத்தளத்தின் கடைக்கோட்டுக்குப் பின்னால், நடுவர் மேடையைவிடச் சற்று உயரத்தில், அசையாமல் நிறுத்த வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஆறு பேரின் நிலை தெரியும். செட்டர் யாருக்குக் கொடுக்கப்போகிறார், தடுப்பில் எங்கே சந்து இருக்கிறது, பின்வரிசைக் காவலரான லிபரோ எந்தப் பக்கம் சாய்கிறார் என எல்லாம் ஒரே பார்வையில் விழும். கேமராவை அசைக்கவே வேண்டாம் என்பதால் ஒரு தாங்கியும் ஒரு கைபேசியும் போதும். ஒளிவிளக்கைக் கேமராவுக்கு எதிரே கட்டக் கூடாது. ஒலிவாங்கியை வலைக் கம்பத்தருகே வைத்தால் உள்ளங்கை பந்தில் படும் ஓசை கேட்கும். ஆடிப் பழகியவனுக்கு அந்த ஓசையிலேயே அடி சரியா தவறா என்று தெரியும்.

நான்காவது, வர்ணனை. ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறோம். சுழற்சி முறை ஏன் முக்கியம், இந்த இடத்தில் ஏன் ஓய்வு கேட்டார்கள் என்று நம் பேச்சிலேயே சொல்ல எங்களால் முடியும். ஒரு மாதப் பயிற்சி கொடுங்கள். காசு வாங்காமல் வந்து உட்காரப் பலர் தயார்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குக்காகவா என்று கேட்கலாம். எட்டு மணி நேரமும் மிகைநேரமும் உழைத்துவிட்டு, குடும்பத்தைப் பிரிந்து, ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேராக இருக்கும் இளைஞனுக்கு, தான் ஆடிய ஆட்டத்தைத் தன் மொழியில் பார்ப்பது ஒரு பிடிமானம். தான் இன்னும் அந்த அணியில் ஒருவன் என்பதை அது அவனுக்கு உறுதிசெய்கிறது. ஊருக்கும் அவன் அப்படி இருப்பதால் நன்மை உண்டு.

அதை நான் கண்ணால் பார்த்தேன். கடந்த பொங்கலுக்கு எங்கள் பகுதியில் ஒரு கிராமத்துப் போட்டி. கடைக்கோட்டுக்குப் பின்னால் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, பலகை கட்டி, ஒரு கைபேசியை ஏற்றினோம். துவாஸ் விடுதியில் அதே கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. என் மாணவனின் தம்பி அன்று ஆடினான். நன்றாக சர்வீஸ் போடுவான். இரண்டாவது செட் முடிந்ததும் எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. “சார், தம்பி சர்வீஸ் போடும்போது அவன் இடது கால் கோட்டை மிதிக்குது. மூணு தடவை பார்த்துட்டேன். பின்னாடி ஒரு சாண் தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

களத்தில் இருந்த ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. நான் போய்ச் சொன்னேன். தம்பி குனிந்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தான்; கால் பட்டு அழிந்திருந்தது. ஒரு சாண் பின்னால் போய் நின்றான். பலகை மேல் இருந்த கைபேசியை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பந்தைத் தூக்கிப் போட்டான்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், கைப்பந்து நடுவர்.